மாமல்லபுரத்தில் கதை சொல்பவர்களை நிறுத்திவிட்டால் வரலாறு தெளிந்துவிடுமா?

2024 ஜனவரி 18, காலை (இழையைத் தொடங்கியவர்)

காணும் பொங்கலன்று குடும்பத்துடன் மாமல்லபுரம் சென்றிருந்தோம். ஐந்து ரதங்களின் அருகே ஒரு வழிகாட்டி, பாண்டவர்கள் வனவாசத்தின்போது இங்கே தங்கியதாகவும் ஆளுக்கொரு ரதம் அமைத்துக்கொண்டதாகவும் விளக்கிக்கொண்டிருந்தார். சுற்றி நின்ற கூட்டம் முழுவதும் தலையாட்டிக் கேட்டது. பல்லவர் என்ற பெயரே அவர் வாயில் வரவில்லை. இப்படிப்பட்டவர்களை வளாகத்துக்குள் அனுமதிக்கக் கூடாது, தொல்லியல் துறையின் அறிவிப்புப் பலகைகளே போதும் என்பது என் கருத்து. மறுப்பவர்கள் இருக்கிறீர்களா?

ஜனவரி 18, இரவு

நான் மறுக்கிறேன். அந்த வழிகாட்டி சொன்னது சரி என்பதற்காக மறுக்கவில்லை. ஐந்து ரதங்களுக்கும் பாண்டவர்களுக்கும் தொடர்பில்லை. அவை பல்லவர் காலத்தில் பாறையைச் செதுக்கி உருவாக்கப்பட்ட ஒற்றைக்கல் கோயில்கள், எல்லாமே முற்றுப்பெறாமல் நின்றுபோனவை. இதில் நமக்குள் வேறுபாடு இல்லை. ஆனால் வழிகாட்டியை வெளியேற்றிவிட்டுப் பலகையை மட்டும் விட்டுவைத்தால் அங்கே வருகிறவருக்கு என்ன கிடைக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பெயர், அரச மரபு, நூற்றாண்டு, சேதப்படுத்தினால் தண்டனை என்ற எச்சரிக்கை: பெரும்பாலான பலகைகளில் இவ்வளவுதான் இருக்கும். வழிகாட்டியை எப்படி அவர் கேள்வியின்றி நம்பினாரோ அப்படியே பலகையையும் நம்பிவிட்டுப் போவார். நம்பும் பழக்கம் மாறப்போவதில்லை, நம்பப்படும் ஆள் மட்டுமே மாறுகிறார்.

முன்பொருமுறை பெரியம்மாவை அங்கே அழைத்துச் சென்றிருந்தேன். திரௌபதி ரதம் என்று கேட்டதும், "உள்ளே அம்மன் இருக்கிறாளா?" என்று கேட்டுக்கொண்டே படியேறி எட்டிப் பார்த்தார். கருவறையின் பின்சுவரில் கொற்றவை நிற்கிறாள். அவள் காலடியில் மண்டியிட்ட இருவரில் ஒருவன் தன் தலையையே அரிந்து கொடுக்க முனைகிறான். பெரியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு, "காவு கொடுக்கிறானே, இது அம்மன்தான்" என்றார். வரலாற்றுக்குப் பொருந்தாத ஒரு பெயரைக் கேட்டு உள்ளே போனவர், அந்தக் கோயில் யாருக்கு எடுக்கப்பட்டது என்பதைத் தாமாகவே கண்டுகொண்டார். பலகையைப் படித்துவிட்டு வெளியிலேயே நின்ற எனக்கு அதற்கு முன்பு அந்த மனிதன் கண்ணில் பட்டதே இல்லை.

ஜனவரி 19

பாண்டவர் பெயர்களைப் பாமரத்தனம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அந்தச் சொல்லை ஏற்க இயலவில்லை. தொண்டை மண்டலம் முழுவதும் திரௌபதி அம்மன் கோயில்கள் இருக்கின்றன. அங்கே பாரதம் படிப்பதும் தெருக்கூத்து ஆடுவதும் தீ மிதிப்பதும் இன்றும் நடக்கின்றன. இந்த நிலத்து மக்கள் தங்கள் ஊரில் யார் எடுத்தது என்று தெரியாமல் நின்ற கல் கோயில்களுக்குத் தாங்கள் நன்கறிந்த ஐவரின் பெயரையும் அவர்களுடைய மனைவியின் பெயரையும் வைத்தார்கள் என்றே நான் கருதுகிறேன். அந்தப் பெயர்கள் பல்லவர்களைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. பெயர் வைத்தவர்களைப் பற்றி நிறையச் சொல்கின்றன.

இன்னொன்றும் உண்டு. பல்லவ அரசன் முதலாம் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேடு, காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள கூரத்தில் மண்டபத்தில் பாரதம் படிப்பதற்கென்று ஒரு பங்கை ஒதுக்குகிறது. ஆகவே ரதங்களைச் செதுக்கிய காலத்திலேயே இந்நாட்டு ஊர்களில் மக்கள் கூடியிருந்து பாரதம் கேட்டிருக்கிறார்கள். ஒரு வழிகாட்டி இந்தச் செப்பேட்டை அறிந்திருந்தால், பாண்டவர் கதையில் தொடங்கி இரண்டே வாக்கியங்களில் பல்லவர் காலத்துக்குள் கேட்பவரைக் கொண்டுபோய்விடலாம்.

ஜனவரி 19, பின்னிரவு

"அப்படியானால் பாண்டவர்கள் தங்கினார்கள் என்றே சொல்லிக்கொண்டிருக்கலாமா?" என்ற கேள்விக்கு: கூடாது. மக்கள் இப்படி அழைக்கிறார்கள், கல்வெட்டு இப்படிச் சொல்கிறது என்று இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்ல வேண்டும். தர்மராச ரதத்தில் நரசிம்மவர்மனின் விருதுப்பெயர்கள் பல்லவ கிரந்த எழுத்தில் வெட்டப்பட்டிருக்கின்றன. மேல்தளத்தில் அத்யந்தகாம பல்லவேசுவர கிருகம் என்ற கோயிலின் பெயரே இருக்கிறது. அந்த எழுத்துகளை விரலால் சுட்டிக் காட்டினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

ஜனவரி 21

நேற்று முழுவதும் இந்த இழையைத் திரும்பப் படித்தேன். நம் சினம் பொருந்தாத இடத்தில் விழுகிறது என்று தோன்றுகிறது. புராணக் கதையைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிறோம். அதைவிடக் கவலைக்குரியது ஒன்று அதே ஊரில், பெருங்கூட்டம் நிற்கும் இடத்திலேயே இருக்கிறது.

கிருஷ்ணனின் வெண்ணெய் உருண்டை என்று அழைக்கப்படும் பாறையைச் சொல்கிறேன். சரிவான பாறைத்தளத்தில், ஏறத்தாழ 6 மீட்டர் உயரமும் 250 டன் எடையும் உடையதாகச் சொல்லப்படும் உருண்டைக்கல் நிற்கிறது. அங்கே எல்லாரும் சொல்லும் செய்தி இது: 1908இல் சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹேவ்லாக், இந்தப் பாறை உருண்டு ஊருக்குள் விழுந்துவிடும் என்று அஞ்சி, ஏழு யானைகளைக் கட்டி இழுக்கச் சொன்னார், பாறை அசையவில்லை. இந்தச் செய்தி இணையத்திலும் நாளிதழ்களிலும் பயணக் கையேடுகளிலும் அப்படியே வருகிறது. ஆனால் ஹேவ்லாக் சென்னை ஆளுநராக இருந்த காலம் 1896 முதல் 1900 வரை. 1908இல் ஆளுநராக இருந்தவர் ஆர்தர் லாலி. ஆண்டு தவறா, ஆள் தவறா, நிகழ்ச்சியே தவறா என்று யாரும் நின்று கேட்பதில்லை. ஆண்டும் பதவியும் யானைகளின் எண்ணிக்கையும் சேர்ந்து வந்துவிட்டால் அது ஆவணத்திலிருந்து வந்ததாகவே கேட்பவர் எடுத்துக்கொள்கிறார்.

என்னைப் பொறுத்தவரை இதுதான் ஆழமான சேதம். பீமன் இங்கே சமைத்தான் என்று கேட்கும் சிறுவனுக்கு அது கதை என்று ஓர் ஓரத்தில் தெரியும். பாட்டி சொன்ன கதைகளோடு அதைச் சேர்த்து வைத்துக்கொள்வான், வளர்ந்தபின் வேறொன்று அறிந்தால் இரண்டும் அவனுள் அமைதியாக இருக்கும். "1908, ஏழு யானை" என்று கேட்பவனுக்கு அந்த எச்சரிக்கை இல்லை. அவன் அதைப் பாடப்புத்தகத்துச் செய்திகளோடு சேர்த்து வைக்கிறான். புராணம் தன்னைப் புராணம் என்று காட்டிக்கொண்டே வருகிறது. இந்த வகைச் செய்தி வரலாற்றின் உடையை உடுத்திக்கொண்டு வருகிறது.

ஜனவரி 22

மேலே எழுதியதை இன்னும் ஓரடி கொண்டுபோக வேண்டும். இல்லாவிட்டால் அது வழிகாட்டிகள் மீதான இன்னொரு குற்றச்சாட்டாகவே நின்றுவிடும்.

பலகையிலுள்ள "கி.பி. 7ஆம் நூற்றாண்டு" என்பதும் பார்வையாளரிடம் அதே வடிவத்தில்தான் போய்ச் சேர்கிறது. அதற்கு அடிப்படை இருக்கிறது, யானைக் கதைக்கு இருப்பதாகத் தெரியவில்லை என்பது நமக்குத் தெரியும். அடிப்படையைச் சொல்லாதபோது படிப்பவருக்கு இரண்டும் ஒன்றே. அந்த அடிப்படைதான் எவ்வளவு சுவையானது! ரதங்களும் குடைவரைகளும் பெரும்பாலும் மாமல்லன் என்ற முதலாம் நரசிம்மவர்மன் காலத்தில் தொடங்கி அடுத்தடுத்த அரசர்களால் தொடரப்பட்டவை என்பது நெடுங்காலமாகச் சொல்லப்படும் கருத்து. 1962இல் இரா. நாகசாமி, மாமல்லபுரத்துப் படைப்புகள் அனைத்தும் பின்னால் வந்த இராசசிம்மன் என்ற இரண்டாம் நரசிம்மவர்மனுடையவை என்று வாதிட்டார். அத்யந்தகாமன் என்ற விருதுப்பெயர் எந்த அரசனைக் குறிக்கிறது என்பது அந்த விவாதத்தின் முக்கியமான முடிச்சு. அறிஞர்கள் இன்னமும் ஒருமுகப்படவில்லை. இதைப் பலகையில் எழுதினால் மக்கள் குழம்பிவிடுவார்கள் என்று அதிகாரிகள் நினைக்கலாம். வீட்டு மனைப் பத்திரத்தில் ஒரு பெயரை வைத்து மூன்று தலைமுறைக்கு வழக்காடும் மக்கள், ஒரு விருதுப்பெயர் யாருடையது என்ற வழக்கைப் புரிந்துகொள்ள மாட்டார்கள் என்று நான் நம்பவில்லை.

ஜனவரி 25

அருங்காட்சியகங்களில் இந்தச் சிக்கல் இல்லை, அங்கே எல்லாம் ஒழுங்காக எழுதப்பட்டிருக்கும் என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அங்கே வேறு வகையில் இருக்கிறது என்பேன்.

2023 மார்ச்சில் கீழடி அருங்காட்சியகம் திறக்கப்பட்டபின் அங்கே போய்வந்தவர்கள் பலரிடம் பேசியிருக்கிறேன். எல்லாரும் கொண்டுவரும் ஒரு செய்தி, கி.மு. 580. அந்த ஆண்டு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பெரும்பாலோர் "பானையிலிருந்து" என்கிறார்கள். நான்காம் கட்ட அகழாய்வில் எடுக்கப்பட்ட ஆறு கரி மாதிரிகள் அமெரிக்காவின் மயாமியிலுள்ள ஆய்வகத்துக்கு அனுப்பப்பட்டன. அவற்றுள் 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த ஒரு மாதிரிக்கு வந்த காலமே கி.மு. 580. அந்த ஒரு துண்டுக் கரியையும், அது எடுக்கப்பட்ட மண்ணடுக்கையும், அதற்கு மேலும் கீழும் என்ன கிடைத்தது என்பதையும் சேர்த்து மனத்தில் வாங்கிக்கொண்டவர் அந்த எண்ணை எவரிடமும் காத்து நிற்க முடியும். எண்ணை மட்டும் எடுத்துச் சென்றவர், யாராவது மறுத்தால் சினம் கொள்வதைத் தவிர வேறு வழியின்றி நிற்கிறார். கீழடியைப் பற்றிய சச்சரவுகளில் இரு தரப்பிலும் இதையே பார்க்கிறேன், வருந்துகிறேன்.

தஞ்சாவூர் கலைக்கூடத்திலுள்ள திருவெண்காட்டு ரிஷபவாகன தேவர் இன்னொரு சான்று. காளையின்மேல் கையூன்றி நிற்பவர் போன்ற நிலை, பக்கத்தில் காளை இல்லை. பாம்பைச் சேர்த்துச் சுற்றிய தலைப்பாகையைப் பார்த்து வியந்து நிற்காதவரை நான் கண்டதில்லை. அந்தச் செப்புத் திருமேனி 1011இல் எழுந்தருளுவிக்கப்பட்டது என்று நமக்குத் தெரிவது திருவெண்காட்டுக் கோயிலில் உள்ள கல்வெட்டால். அடுத்த ஆண்டு தேவியார் எழுந்தருளியதற்கும் கல்வெட்டு உண்டு. திருமேனி தஞ்சையில், அதன் காலத்தைச் சொல்லும் கல் திருவெண்காட்டில். இந்தப் பிரிவைப் பார்வையாளருக்குச் சொல்ல ஒரு கல்வெட்டுப் படியும் ஒரு சிறு நிலப்படமும் போதும். அதன்பின் அவர் ஊர் திரும்பும் வழியில் திருவெண்காட்டில் இறங்கிச் சுவரைத் தேடவும் கூடும்.

ஜனவரி 26

மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பம் காட்டுவது அருச்சுனன் தபசா, பகீரதன் தபசா என்று கேட்டவருக்குச் சுருக்கமாக. ஒற்றைக்காலில் நின்று கை உயர்த்தித் தவம் செய்பவர் எதிரே, பூதகணங்கள் சூழ நான்கு கைகளுடன் வரம் தரும் சிவனைப் பார்த்தால் அருச்சுனன் தவமிருந்து பெற்ற பாசுபதம் நினைவுக்கு வரும். நடுவே பாறையின் இயற்கைப் பிளவில் நாகர்கள் மேலேறி வருவதையும், மேலே நீர் தேக்கிவிடுவதற்கான தொட்டி இருந்ததையும் பார்த்தால் பகீரதன் தவமிருந்து இறக்கிய கங்கை நினைவுக்கு வரும். இரண்டு விடைகளுக்கும் சான்று அதே பாறையில் இருக்கிறது. எந்த விடை சொன்னாலும் அது எந்த உருவத்தைப் பார்த்துச் சொல்லப்பட்டது என்று சேர்த்துச் சொல்லும் வழிகாட்டியே எனக்கு நல்லவர். கீழே தவம் செய்யும் பூனையையும் அதை நம்பி வந்த எலிகளையும் குழந்தைகள் யாரும் சொல்லாமலேயே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

ஜனவரி 28

கடலுக்குள் மூழ்கிய ஆறு கோயில்கள் பற்றிப் பலர் கேட்டுவிட்டீர்கள். இந்தக் கதை வாய்வழியாகவே நீண்டகாலம் வந்தது. 1788இல் அச்சான தம் கட்டுரையில் வில்லியம் சேம்பர்ஸ், கடலுக்குள் செம்புத் தகடு போர்த்திய கோயில் உச்சிகள் வெயிலில் மின்னியதை முதியவர்கள் கண்டதாக உள்ளூரார் சொன்னதைப் பதிந்திருக்கிறார். 2002இல் கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனத்தார் கடலடியில் ஆய்வு செய்து சுவர்ப்பகுதிகள் போன்ற எச்சங்களைக் கண்டார்கள். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலைக்கு முன் கடல் உள்வாங்கியபோது வரிசையாகக் கற்களைப் பார்த்ததாகக் கரையில் நின்றவர்கள் சொன்னார்கள். ஆறு கோயில்கள் என்பது நிறுவப்படவில்லை. ஆனால் ஆய்வாளர்கள் அந்த இடத்தில் மூழ்கித் தேடியதற்கு இந்தக் கதையும் ஒரு காரணம் என்பதை மறுக்க முடியாது. கதையைக் காது கொடுத்துக் கேட்பதும் கதையை முடிவாக ஏற்பதும் வெவ்வேறு செயல்கள்.

என் ஆதங்கம் வேறு. மூழ்கிய கோயில்களைப் பற்றி இவ்வளவு கேட்கும் நாம், மூழ்காமல் இருந்த துறைமுகத்தைப் பற்றிக் கேட்பதே இல்லை. திருமங்கையாழ்வார் கடல்மல்லை என்ற இந்த மாமல்லபுரத்தைப் பாடும்போது, பொற்குவியலும் யானைகளும் நவமணிகளும் ஏற்றிய கலங்கள் பாரம் தாங்காமல் தாழ்ந்து இயங்கும் ஊர் என்கிறார். அவர் பாடிய தலசயனப் பெருமாள் கோயில் அருச்சுனன் தபசுக்கு அருகிலேயே வழிபாட்டில் இருக்கிறது, 108 திருப்பதிகளுள் ஒன்று. அங்கே சேவித்துவிட்டு வெளியே வரும் அடியவர், பத்து நிமிட நடையில் கடற்கரைக் கோயிலுக்குப் போய், சுற்றுலாப் பயணியாக மாறி, அது என்ன கோயில் என்று பலகையில் தேடுகிறார். கடற்கரைக் கோயிலின் இரண்டு சிவன் சன்னதிகளுக்கு நடுவே, பாறையில் பள்ளிகொண்ட திருமால் இருப்பதை அவருக்குச் சொல்ல அங்கே ஒருவர் வேண்டும். பாசுரம் அவருக்குத் தெரியும், கல் அங்கே இருக்கிறது, இரண்டையும் சேர்ப்பதற்குத்தான் ஆள் இல்லை.

பிப்ரவரி 2

"குறை சொல்கிறீர்கள், என்ன செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை" என்ற மறுமொழி நியாயமானது. எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்.

மாமல்லபுரத்தில் இன்றும் உளிச்சத்தம் கேட்கிறது. 1957இல் தொடங்கிய அரசு சிற்பக் கல்லூரி அங்கே இருக்கிறது, தெருவெங்கும் பட்டறைகள் இருக்கின்றன. ஒரு சிற்பியோடு முடிவுறாத குடைவரை ஒன்றைப் பார்த்த அனுபவத்தை மறக்க முடியாது. பாறை முகப்பில் கட்டம் கட்டமாகப் பள்ளம் வெட்டி, இடையில் நிற்கும் சதுரங்களை ஒவ்வொன்றாகத் தட்டி எடுத்து உள்ளே சென்றிருக்கிறார்கள். சில சதுரங்கள் எடுக்கப்படாமலேயே நிற்கின்றன. அவர் அவற்றைத் தடவிப் பார்த்து, எந்தப் பக்கமிருந்து அடி விழுந்தது, எந்த இடத்தில் கல் ஒத்துழைக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே போனார். ஐந்து ரதங்களில் மேலே வேலை முடிந்தும் கீழே முடியாமலும் இருப்பதைக் காட்டி, உச்சியிலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கியதை ஒரு நொடியில் புரியவைத்தார். ஆண்டு எதுவும் அவர் சொல்லவில்லை. ஆயினும் அவர் சொன்ன ஒவ்வொன்றையும் என் கண்ணால் சரிபார்க்க முடிந்தது.

ஆகவே என் விருப்பம் இது. வழிகாட்டிகளுக்கான பயிற்சியில் இந்தச் சிற்பிகள் ஆசிரியர்களாக அமர வேண்டும். கல்வெட்டுகளின் படியெடுப்பும் எளிய தமிழ் வாசகமும் ஒவ்வொரு வழிகாட்டியின் கையிலும் இருக்க வேண்டும். பாண்டவர் கதையைச் சொல்லாதே என்று அவர்களுக்கு ஆணையிட வேண்டாம். எதைச் சொன்னாலும் "எப்படித் தெரியும்?" என்று பார்வையாளர் கேட்டால் காட்டுவதற்கு ஒரு கல்லாவது, ஓர் எழுத்தாவது வேண்டும் என்று மட்டும் பழக்க வேண்டும். அப்போது ஏழு யானைகள் தாமாகவே உதிர்ந்துவிடும்.

பிப்ரவரி 4

எட்டாம் வகுப்பு மாணவர்களை அழைத்துச் செல்லவிருக்கும் ஆசிரியைக்கு:

வெண்ணெய் உருண்டையில் தொடங்காதீர்கள் அம்மா. அங்கே போனால் பிள்ளைகள் சறுக்கி விளையாடத் தொடங்கிவிடுவார்கள், பிறகு மீட்க முடியாது. காலையிலேயே ஐந்து ரதங்களுக்குப் போய், எது எங்கே முடியாமல் நிற்கிறது என்று ஒவ்வொரு குழுவையும் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். நகுல சகதேவ ரதத்தின் பின்புறத்தையும் அருகில் நிற்கும் கல் யானையின் பின்புறத்தையும் ஒப்பிடச் சொன்னால், தூங்கானை மாடம் என்பதை நீங்கள் விளக்கவே வேண்டாம். கடற்கரைக் கோயிலில் 1990இல் மணலுக்கடியிலிருந்து வெளிவந்த பூவராகத்தைத் தவறவிடாதீர்கள்.

நேரமிருந்தால் வடக்கே சில கிலோமீட்டரிலுள்ள சாளுவன்குப்பத்துக்கும் போங்கள். புலிக்குகையைப் பார்க்க வருபவர்கள் பெரும்பாலும் அதோடு திரும்பிவிடுகிறார்கள். அருகிலேயே, ஆழிப்பேரலை மணலை அரித்துச் சென்றபின் ஒரு பாறையில் கல்வெட்டு தெரிந்தது. அது திருவிழ்ச்சில் என்ற ஊரின் முருகன் கோயிலைக் குறித்தது. கோயில் எங்கே என்று தேடித் தொல்லியல் துறையினர் 2005இல் தோண்டத் தொடங்க, வடக்கு நோக்கிய ஒரு கோயிலும் கல்லாலான வேலும் வெளிவந்தன. பல்லவர் காலக் கட்டுமானத்துக்கு அடியில் அதற்கும் முந்திய செங்கல் கோயில் இருக்கிறது. செங்கலின் அளவை வைத்து அது சங்க காலத்தது என்று அகழ்ந்தவர்கள் கருதினார்கள், வேறு கருத்துடையவர்களும் இருக்கிறார்கள். முதலில் பாறையையும் எழுத்தையும் காட்டுங்கள். கோயில் எங்கே இருக்கும் என்று பிள்ளைகளைச் சொல்லச் சொல்லுங்கள். பிறகு செங்கல் அடுக்கின் அருகே அழைத்துப்போய், அது எந்தக் காலத்தது என்று முடிவு செய்ய இன்னும் என்னவெல்லாம் தெரிய வேண்டும் என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை இங்கே எழுதினால் படிக்கக் காத்திருக்கிறேன்.